சுண்டுவிரலுக்கு ஒரு மார்க்

அவருக்கு வைத்த பெயர் ஒன்று, வழங்கிய பெயர் ஒன்று. வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் வெளியே எடுத்துப் புழங்கியதாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கும், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், பள்ளிக்கூட வாசலில் பேனா பென்சில் விற்கிறவருக்கும் அவர் அரை மார்க் டீச்சர்தான்.

பிள்ளைகள் காரணம் இல்லாமல் பெயர் வைக்க மாட்டார்கள். வரலாற்றுப் பாடத்தில் விடை எவ்வளவு சரியாக இருந்தாலும் டீச்சர் கடைசியில் ஓர் அரையைப் பிடித்துக்கொள்வார். எவ்வளவு தப்பாக இருந்தாலும், போகிறது என்று ஓர் அரையைப் போடுவார். ஒருமுறை ஒருத்தி ஒரு மன்னனை அவனுடைய அப்பாவுக்கு முன்னாலேயே ஆட்சிக்கு வரவைத்துவிட்டாள். அதற்கும் அரை கிடைத்தது. “குடும்பம் சரியாத்தானே எழுதியிருக்கா” என்றார் டீச்சர். “நூத்துக்கு நூறு சரின்னு சொல்ல நான் என்ன பக்கத்துல நின்னு பாத்தேனா? முழுசா தப்புன்னு சொல்லவும் நான் அங்க இல்லையே.” இருபத்தெட்டு வருடமாக அவர் சொல்லிவந்த நியாயம் இது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் உட்கார்ந்துகொள்ள இதைவிட வசதியான நாற்காலி கிடையாது என்பது அவருக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

வரலாற்றை அவர் தேடிப் போகவில்லை. கல்லூரியில் சேரப் போன வருடம் அறிவியலில் இடம் தீர்ந்திருந்தது, வணிகவியலிலும் தீர்ந்திருந்தது. “வரலாறு இருக்கும்மா. அது எப்பவுமே இருக்கும்” என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா. கையில் இருந்த விண்ணப்பத்தை வீணாக்க மனமில்லாமல் சேர்ந்தவர், சேர்ந்த பிறகு அதை விடவில்லை. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். “பக்கத்துல இருக்கிறத நான் காட்டுறேன், தூரத்துல இருக்கிறத நீ காட்டு. ரெண்டு பேரும் சேர்ந்து ஊருக்கே பார்வை கொடுப்போம்” என்பது அவருடைய பழைய கேலி. டீச்சர் ஒவ்வொரு முறையும் அதற்குச் சிரித்துவிடுவார். சிரிக்காவிட்டால் இன்னொரு முறை சொல்வார் என்ற பயம்தான்.

எல்லாப் பாடத்தையும் கடமைக்குச் சொல்லிக்கொடுத்தாலும் ஒரு பாடத்தை அவர் மனதார நம்பிச் சொல்லிக்கொடுத்தார். பத்தாம் வகுப்பில் வரும் அணையைப் பற்றிய பாடம் அது. அணை வந்தபோது அவருக்குப் பத்து வயது. அதற்கு முன்னால் அவருடைய அம்மா தெருக்கோடி அடிபம்புக்கு ஒரு நாளைக்கு ஒன்பது நடை நடப்பாள். குடம் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பின் ஒரு பக்கம் காய்த்துப் போயிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் மகளும் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். அணைத் தண்ணீர் வீட்டுக் குழாயில் வந்த முதல் நாள், அம்மா குழாயைத் திறந்துவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். வாளி நிரம்பி வழிந்தது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள், மூடவே இல்லை. மகள் அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தண்ணீருக்காகப் பள்ளிக்கூடத்தை விடவில்லை. “என்னைப் படிக்கவச்சது அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல, அணைதான்” என்று வகுப்பில் வருடா வருடம் சொல்வார். அதில் ஒரு சொட்டுகூடப் பொய் இல்லை.

அந்த நன்றியில் பிறந்ததுதான் ஐவிரல் பாடம். அணையின் பயன் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் முழிக்கிறார்களே என்று டீச்சர் கையையே புத்தகமாக்கிவிட்டார். கட்டைவிரல் பாசனம், ஆள்காட்டி விரல் மின்சாரம், நடுவிரல் குடிநீர், மோதிர விரல் வெள்ளத் தடுப்பு, சுண்டுவிரல் மீன் வளர்ப்பு. “மீன் சின்னது, விரலும் சின்னது, மறக்காது” என்பார். மறக்கவே இல்லை. பரீட்சைக் கூடத்தில் கேள்வித்தாளைப் பார்த்ததும் பிள்ளைகள் இடது கையை விரித்து மடக்க ஆரம்பித்தால் அது அரை மார்க் டீச்சரின் வகுப்பு என்று கண்காணிப்பாளர்களே சொல்வார்கள். அவரிடம் படித்தவர்கள் டீச்சராகிப் பல ஊர்களுக்குப் போனார்கள், போன இடமெல்லாம் விரலும் போனது. ஒரு துணைப் பாட நூலில் கையின் படம் போட்டு அச்சடித்தே விட்டார்கள். யார் கை என்று கீழே போடவில்லை. டீச்சருக்கு அதில் ஒரு சின்ன மனத்தாங்கல்.

வருடத்துக்கு ஒருமுறை வகுப்பையே பஸ்ஸில் ஏற்றி அணைக்கு அழைத்துப் போவார். அங்கே காக்கிச் சட்டையும் விசிலுமாக ஒரு காவலாளி இருந்தார். “ஓரத்துக்குப் போகாதீங்க” என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் பேசி டீச்சர் கேட்டதில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் மழை பொய்த்து, நீர்மட்டம் அடியோடு இறங்கிவிட்டது. சேறும் பாசியுமாக ஒரு சுவர் வெளியே தெரிந்தது. சுவரில் ஒரு ஜன்னல் சட்டம், கதவில்லாமல். ஒரு பெண் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அது யாரு வீடு டீச்சர்?” என்று கேட்டாள்.

“அது பாடத்துல இல்லம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஏறுங்க.”

காவலாளி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். டீச்சர் தலைகளை எண்ணிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார். தலைக்கணக்கு சரியாக இருந்தது, அதனால் அன்றைய நாளும் சரியாகத்தான் போனது என்று நினைத்துக்கொண்டார்.

இந்த வருடம் அரசுப் பரீட்சைக்கு வரலாற்றுக் கேள்வித்தாள் தயாரிக்கும் குழுவில் அவரையும் போட்டார்கள். விடை திருத்துகிறவர்கள் கையில் வைத்துக்கொள்ளும் விடைக்குறிப்பையும் அதே குழுதான் எழுத வேண்டும். அதை எல்லோரும் சுருக்கமாகக் கீ என்பார்கள். ஐந்து மார்க் கேள்வியாக அணையைப் போட்டது டீச்சர்தான். கீயில் விரல் வரிசைப்படி ஐந்து பயனை எழுதியதும் அவரேதான். அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் தங்கச்சி பரிமாறுவது போல ஒரு தாராளத்தோடு எழுதினார். மாநிலத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த ஐந்து மார்க் சட்டைப் பையில் இருந்தது.

திருத்தும் முகாம் ஒரு பெரிய பள்ளியின் கூடத்தில் நடந்தது. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் டீச்சர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். மேசைக்கு ஆறு பேர், ஆறு பேருக்கும் சிவப்புப் பேனா. அவர்களுக்கு மேலே ஒரு சீஃப், அவருக்குப் பச்சைப் பேனா. காலையில் பதினைந்து பேப்பர், மதியம் பதினைந்து பேப்பர். எண் எழுதிய மேல்துண்டு கிழிக்கப்பட்டிருக்கும், எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. மின்விசிறிக் காற்றில் பேப்பர் பறக்காமல் இருக்க ஒவ்வொருவரும் ஒரு பாரம் கொண்டுவந்திருந்தார்கள். டீச்சர் வைத்திருந்தது கணவர் கடையில் இருந்து எடுத்துவந்த தடிமனான கண்ணாடி வில்லை.

அவர்கள் மேசைக்கு வந்த சீஃபுக்கு ரூல்தடி என்று பெயர். அவருடைய பள்ளிப் பிள்ளைகள் வைத்தது, அதற்குள் முகாம் முழுக்கப் பரவியிருந்தது. ஆள் ஒல்லி, நிமிர்வு, கோடு போட்டாற்போல் பேச்சு. கெட்டவர் இல்லை. முன்பெல்லாம் முப்பத்துநாலில் நிற்கிற பேப்பரை யாரும் அப்படியே விட மாட்டார்கள். தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும், ஒரு மார்க்தானே என்று இண்டு இடுக்கெல்லாம் தேடி ஒரு மார்க்கைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். போன வருடம் அதில் யாரோ அளவுக்கு மீறிப் போய்ப் புகார் ஆகிவிட்டது. அதனால் இந்த வருடம் முப்பத்துநாலு, முப்பத்தைந்து இரண்டையும் தனியாக எடுத்து வேறு அறையில் மறுபடி சரிபார்த்தார்கள். கீயில் இல்லாததற்கு மார்க் போட்டால் போட்டவருக்கும் சீஃபுக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். டீச்சர் ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம்தான் இருந்தது.

மூன்றாம் நாள், மதிய இடைவேளைக்குச் சற்று முன். டீச்சர் கையில் பதினான்காவது பேப்பர். சுமாரான பேப்பர்தான், பாதிக் கேள்வி வெள்ளையாகக் கிடந்தது. அணைக் கேள்விக்கு வந்ததும் டீச்சருக்கு முகம் மலர்ந்தது. பாசனம், மின்சாரம், குடிநீர், வெள்ளத் தடுப்பு என்று விரல் வரிசை பிசகாமல் இருந்தது. யாரோ தன்னிடம் படித்தவரிடம் படித்த பிள்ளை. நான்குக்கும் டிக் போட்டார். ஐந்தாவதில் மீன் என்ற சொல்லைத் தேடினார். ‘மீன் வளர்க்கவில்லை’ என்று கண்ணில் பட்டதும் கை தானாகவே ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டது. கை போட்ட பிறகுதான் கண் படித்தது.

‘5. சுண்டுவிரலுக்கு மீன் வளர்ப்பு என்று எங்கள் டீச்சர் சொன்னார்கள். எங்கள் காலனியில் யாரும் மீன் வளர்க்கவில்லை. அணை கட்டியபோது எங்கள் ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. அப்போது என் அப்பாவுக்கு ஏழு வயது. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். பழைய ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. இங்கே இருக்கிறது. அதனால்தான் நான் இந்தப் பரீட்சை எழுதுகிறேன். இதை நல்லதில் எழுதுவதா கெட்டதில் எழுதுவதா என்று தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அதனால் ஐந்தாவதாக எழுதுகிறேன்.’

டீச்சர் இரண்டாம் முறை படித்தார். மூன்றாம் முறை படிக்கும்போது எழுத்து கலங்கித் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கோளாறு கண்ணாடியில் இல்லை. அம்மா குழாயடியில் உட்கார்ந்து சிரித்த அந்தக் காலை நினைவுக்கு வந்தது. அந்தக் குழாய்க்கு இன்னொரு முனை இருந்திருக்கிறது. அங்கே ஓர் ஏழு வயதுப் பையன் லாரியில் உட்கார்ந்திருந்திருக்கிறான். இருபத்தெட்டு வருடம் இந்தக் கையை விரித்துக் காட்டினேனே, ஒரு நாளாவது அந்த முனையை நினைத்தேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று சொல்வதுண்டு. இங்கே ஒரு முழு ஊரையே ஒரு சின்ன மீனுக்குப் பின்னால் மறைத்தாகிவிட்டது.

பக்கத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தார். முப்பத்துநாலு.

மறுபடி கூட்டினார். முப்பத்துநாலேதான். இன்னொரு விரலுக்கு மார்க் இருந்தால் அந்தப் பிள்ளை தேறிவிடும். இல்லையென்றால் பள்ளிக்கூடம் இருந்தும் இல்லாத கதைதான்.

பேப்பரை எடுத்துக்கொண்டு சீஃபிடம் போனார். அவர் படித்தார். படித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பேப்பரைக் கீழே வைக்கவில்லை.

“நல்லாத்தான் எழுதியிருக்கு டீச்சர். ஆனா கீயில இல்ல.”

“ஒரு அரை போடலாமா சார்? அரை போட்டாலே மேல தூக்கி முப்பத்தஞ்சு ஆயிடும்.” பழக்க தோஷம், வாயில் அரைதான் முதலில் வந்தது.

“ஒண்ணுன்னாலும் அரைன்னாலும் கீயில இருக்கணும். கீய எழுதினதே நீங்கதானே, நான் உங்களுக்குச் சொல்லணுமா?”

“கீய மாத்தச் சொல்லிக் கேட்டா?”

“முத நாள் கூட்டத்துலயே திருத்தம் எல்லாம் முடிஞ்சிடுச்சு. இப்ப மாத்தினா மூணு நாளாத் திருத்தின கட்டெல்லாம் பிரிக்கணும். எட்டு மேசை. ஆயிரக்கணக்குல பேப்பர்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “சரி, இதுக்கு மட்டும் போட்டோம்னே வைங்க. இதையே எழுதி நேத்து அடி வாங்கின பிள்ளைக்கு என்ன பதில் சொல்வீங்க?”

ரூல்தடி போட்ட கோடு நேராகத்தான் இருந்தது. டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது டீச்சர், வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாதவள், பேனாவை மூடிவைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, நேத்து நான் அடிச்சேன். ரெண்டு பேப்பர்ல. ‘ஊரை விட்டுப் போனார்கள்’னு இருந்துச்சு. கீயில இல்லன்னு அடிச்சிட்டேன்.”

“நானும் ஒண்ணு” என்றார் எதிரில் இருந்தவர். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

டீச்சர் சாப்பிடப் போகவில்லை. முகாம் அதிகாரியின் அறை வாசலில் இருந்த பெஞ்சில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே அதிகாரி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். என்ன சொல்லிக் கேட்பது? பாவம் என்று கேட்கலாம். பாவம் பார்த்தால் அது மார்க் இல்லை, பிச்சை. இந்தப் பிள்ளை பிச்சை கேட்டு எழுதவில்லை. கையில் கேள்வித்தாள் ஒன்று இருந்தது. மூன்று நாளாக எல்லோரும் கீயையே பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, கேள்வியை ஒருவரும் பார்க்கவில்லை. கேள்விதான் மனப்பாடமாயிற்றே. பொழுது போகாமல் அதை விரித்துப் படித்தார்.

‘அணை கட்டப்பட்டதால் மக்கள் வாழ்க்கையில் ஏற்பட்ட ஐந்து மாற்றங்களை எழுதுக.’

டீச்சருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பயன் என்று கேள்வியில் இல்லவே இல்லை. வருடா வருடம் பயன் பயன் என்று கேட்டு அலுத்துப்போய், இந்த வருடம் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று மாற்றங்கள் என எழுதியது அவர்தான். எழுதிவிட்டு, கீ போடும்போது கை பழைய தடத்திலேயே போய்விட்டது. குழுவில் இருந்த மற்றவர்களும் விரலைப் பார்த்தார்களே தவிர கேள்வியைப் பார்க்கவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். முகாம் அதிகாரி டீச்சரைவிடச் சின்னவர், மூன்று போனுக்கு நடுவே குளிர்ந்துபோன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். ரூல்தடியும் பின்னாலேயே வந்து நின்றார். டீச்சர் பேப்பரையும் கேள்வித்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“மேடம், இந்தக் கேள்விய நான்தான் எழுதினேன். கீயும் நான்தான் எழுதினேன். கேட்டது ஒண்ணு, கீயில போட்டது ஒண்ணு. நான் கேட்டதுக்கு இந்தப் பிள்ளை பதில் சொல்லியிருக்கு. எனக்குத்தான் என் கேள்விக்குப் பதில் தெரியல.”

அதிகாரி படித்தார். கேள்வியை, பிறகு விடையை, பிறகு மறுபடி கேள்வியை.

“எவ்வளவுல நிக்குது?”

“முப்பத்துநாலு.”

அதிகாரி ரூல்தடியைப் பார்த்தார். “கட்டெல்லாம் பிரிக்கிறதுன்னா நாளைக்கு மதியம் வரைக்கும் இழுக்கும். மேல இருந்து தேதி கேட்டுக் குடையிறாங்க.” பிறகு டீச்சரிடம் திரும்பினார். குரலில் கனிவு இருந்தது. “ஒண்ணு பண்ணுங்க டீச்சர். இந்த ஒரு பேப்பருக்கு மட்டும் தனி அனுமதின்னு நான் எழுதித் தர்றேன். அரை போட்டுடுங்க. பிள்ளை தேறிடும், உங்களுக்கும் ஒண்ணும் வராது, மத்த கட்டும் அப்படியே இருக்கட்டும்.”

அரை. இருபத்தெட்டு வருடம் வாரி வாரிக் கொடுத்த அரை இப்போது அவரிடமே திரும்பி வந்திருந்தது. சரி என்ற ஒரு சொல் போதும், பிள்ளை கரையேறிவிடும். வேண்டாம் என்று சொல்லி, அதிகாரி கோபத்தில் எழுந்துவிட்டால்? கிடைக்கிற அரையும் போய்விட்டால்? யார் பெற்ற பிள்ளையையோ பணயம் வைக்க எனக்கு என்ன உரிமை? சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்போது புது டீச்சர் பேனாவை மூடிவைத்தது நினைவுக்கு வந்தது. அவள் அடித்த இரண்டு, எதிரில் இருந்தவர் அடித்த ஒன்று. அந்த மூன்று பிள்ளைக்கும் அரைகூடக் கிடையாது.

“அரை வேணாம் மேடம்” என்றார். “அரைன்னா பாதி நெசம்னு அர்த்தம். அந்த ஊரு பாதி மூழ்கலயே. சரின்னா ஒண்ணு போடுவோம், எழுதின எல்லாருக்கும் போடுவோம். தப்புன்னா நீங்களே சைபர் போட்டுடுங்க, என்னால முடியாது.”

அறையில் போன் ஒன்று அடித்தது, யாரும் எடுக்கவில்லை. டீச்சர் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். செய்தது சரியா என்று அந்தக் கணத்தில் அவருக்குத் தெரியவே இல்லை.

யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ரூல்தடி வாயைத் திறந்தார். “கேள்விப்படி பாத்தா டீச்சர் சொல்றது சரி மேடம். கீதான் குறையா இருக்கு. ஒரே கேள்விதானே, ஒரு பக்கம் புரட்டினா போதும். எங்க மேசை இன்னிக்கே பாத்துடும்.”

அதிகாரி டீக் கோப்பையைத் தள்ளிவைத்தார். கீயை எடுத்து, ஐந்துக்குக் கீழே ‘ஊர் மூழ்கி மக்கள் இடம்பெயர்தல்’ என்று பேனாவால் ஒரு வரி சேர்த்தார். கையெழுத்துப் போட்டு நேரத்தையும் எழுதினார். மற்ற முகாம்களுக்கும் சொல்ல மேலிடத்துக்கு ஒரு நகல் அனுப்பச் சொன்னார்.

“கூடத்துல நீங்களே சொல்லிடுங்க டீச்சர். நான் சொன்னா என்னைத் திட்டுவாங்க, உங்களை லேசாத் திட்டுவாங்க.”

லேசாக ஒன்றும் திட்டவில்லை, நன்றாகவே திட்டினார்கள். கட்டிய கட்டைப் பிரிப்பது என்பது துவைத்துக் காயவைத்த துணியை மறுபடி தண்ணீரில் போடுவது போல. ஆறாவது மேசைக்காரர், “அணை கட்டும்போது ஊரக் காலி பண்ணினாங்க, இப்ப எங்களக் காலி பண்றீங்க” என்று மூக்கால் அழுதார். ஆனால் பிரித்தார்கள். முதலில் முணுமுணுப்பு இருந்தது, பிறகு பக்கம் புரளும் சத்தம் மட்டும்தான் இருந்தது. அவ்வப்போது யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் பேப்பரைத் திருப்பிக் காட்டினார்.

மறுநாள் மதியத்துக்குள் அறுபத்தொரு பேப்பர் கிடைத்தது. ‘என் அத்தை வேறு ஊருக்குப் போனாள், நாங்கள் வேறு ஊருக்குப் போனோம்’ என்று ஒன்றில் இருந்தது. ‘நிலத்துக்குப் பதில் நிலம் கொடுத்தார்கள், கிணறு கொடுக்கவில்லை’ என்று ஒன்றில் இருந்தது. இன்னும் பல பேப்பரில் பிள்ளைகள் ஊர் மூழ்கியதை எழுதிவிட்டு, பிறகு தாங்களே அதை அடித்துவிட்டு, பக்கத்தில் மீன் வளர்ப்பு என்று எழுதியிருந்தார்கள். அடித்ததற்கு மார்க் போட விதி இல்லை, மீனுக்குத்தான் போட முடிந்தது. அவற்றைப் பார்க்கும்போதுதான் டீச்சருக்குத் தாங்க முடியவில்லை. அடிக்கச் சொன்னது அவர் விரல்தானே.

பதினான்காவது பேப்பரைக் கடைசியாக எடுத்தார். தான் போட்ட சிவப்புப் பெருக்கல் குறியை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் ஒன்று என்று எழுதினார். ரூல்தடி பச்சைப் பேனாவால் அதன் கீழே சுருக்கொப்பம் வைத்தார். முப்பத்தைந்து. எழுதியது பெண்ணா பையனா, எந்த ஊர், எதுவும் டீச்சருக்குத் தெரியாது, இனிமேலும் தெரியப்போவதில்லை. பேப்பர் கட்டோடு சேர்ந்து போய்விட்டது.

அன்று சாயங்காலம் கணவர் கடையை அடைத்துவிட்டு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். கணவர் கேட்டுவிட்டு, “அப்ப உன் பேரு என்ன ஆகுறது? முழு மார்க் டீச்சர்னா ஒரு களையா இல்லையே” என்றார்.

“பேரு அப்படியே இருந்துட்டுப் போகட்டும்ங்க” என்றார் டீச்சர். பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரம் அதில் கையை நீட்டியபடி நின்றார்.

புது வருடப் பிள்ளைகளுக்கு அணைப் பாடம் வந்தது. கையை விரித்தார், நான்கு விரலைச் சொன்னார். சுண்டுவிரலை வெறுமனே விட்டுவிட்டார். “டீச்சர், இதுக்கு?” என்று கேட்டார்கள். “மீனும் இருக்கு, வேற ஒண்ணும் இருக்கு. அது எனக்கு முழுசாத் தெரியாது. அணைக்குப் போறப்ப கேப்போம்” என்றார். தெரியாது என்று டீச்சர் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. வகுப்பு ஒரு கணம் முழித்தது, பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தது.

அந்த வருடமும் மழை குறைவு. நீர்மட்டம் இறங்கி, அதே சுவரும் ஜன்னல் சட்டமும் வெளியே தெரிந்தன. இந்த முறை யாரும் கேட்பதற்கு முன்னாலேயே டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காவலாளியிடம் போனார். பஸ்காரர் ஹாரன் அடித்தார்.

“நிக்கட்டும்” என்றார் டீச்சர். பிறகு காவலாளியிடம், “ஐயா, அது யாரு வீடு?” என்று கேட்டார்.

காவலாளி விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். டீச்சரைப் பார்த்தார், டீச்சருக்குப் பின்னால் நின்ற நாற்பது முகத்தையும் பார்த்தார்.

“வருஷா வருஷம் வர்றீங்க” என்றார். “இப்பத்தான் கேக்குறீங்க. அது எங்க வீடு.”

பிள்ளைகள் நோட்டைத் திறந்தார்கள். டீச்சரும் திறந்தார்.